விரதக் களைப்பு என்றேன்

டத்தோ கிராமாட்,
பினாங்கு.

அன்பு மகள் சாந்தினிக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பதறாதே, ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

உனக்குச் சுகப்பிரசவம் ஆனால் தைப்பூசத்தில் அப்பா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பார் என்று நேர்ந்துகொண்டது நான்தான். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் மறுப்புச் சொல்லாமல் விரதம் தொடங்கினார், தரையில் படுத்தார். சில நாளில் படுத்தால் மூச்சு முட்டுகிறது, ஒரு தலையணை கொடு என்றார். விரதத்தில் என்ன சொகுசு என்று நான் கொடுக்கவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார், அதற்கும் திட்டினேன். கால் வீங்கியதைச் செருப்பில்லாமல் நடப்பதால் என்றேன், மாடிப்படியில் நின்று நின்று ஏறியதைப் பசிக்களைப்பு என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது, என் வாயில் மண்ணைப் போட.

வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் நோர்மா பழம் கொடுக்க வந்தாள். அப்பா அவளுக்கு நன்றி சொல்லப் பார்த்தார், பாதியில் மூச்சு வாங்கியது. நோர்மா என்னைப் பார்த்து, அக்கா, நாங்களும்தான் நோன்பு இருக்கோம், பசிக்கும், தலை சுத்தும், இப்படி மூச்சு வாங்காதுலா என்று சொல்லிவிட்டு உடனே ஆம்புலன்ஸுக்கு 999இல் போன் போட்டாள். அப்போதுதான் அவர் உதடு நீலம் பூத்திருப்பதைக் கவனித்தேன்.

இருதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்துவிட்டதாம், படுத்தால் அது இன்னும் அழுத்துமாம், அதனால்தான் தலையணை கேட்டிருக்கிறார். நீர் இறங்க மருந்து கொடுக்கிறார்கள், இன்று கஞ்சி குடித்தார். டாக்டர் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், மாப்பிள்ளையிடமும் சொல். முன்பு சுலபமாக ஏறிய படியில் மூச்சு வாங்கினாலும், கால் வீங்கினாலும் தள்ளிப்போடாமல் கிளினிக் போக வேண்டும். சும்மா இருக்கும்போதே மூச்சு திணறினாலும், மட்டமாகப் படுக்க முடியாவிட்டாலும், நெஞ்சு வலித்தாலும், உதடு நீலமானாலும், பேச்சை முடிக்க முடியாவிட்டாலும் அரை நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும்.

போன வாரம் வீடியோவில் நீ கேட்டாய், அப்பாவுக்கு ஏம்மா இப்படி மூச்சு வாங்குது என்று. விரதம்லா, நீ பிள்ளையைப் பாரு என்று போனைத் திருப்பிக்கொண்டேன். அப்போது அவர் உன்னிடம் ஏதோ சொல்ல வந்தார், சாந்தினி. என்னவென்று நேற்று கேட்டேன், மறந்துபோச்சு என்று சிரிக்கிறார். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லை அவருக்கு.

மூவரும் தீர்க்காயுசாக இருக்க என் ஆசீர்வாதம். குழந்தைக்கு என் முத்தம். ஒன்றை மட்டும் மறக்காதே: இனிமேல் அப்பா எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்காதே, அவரையே பேசச் சொல்லிக் கேள். நான் நன்றாக இருக்கிறார் என்று சொன்னால் நம்பாதே.

உன் அம்மா,
புஷ்பவள்ளி