புளி போட்டுத் துலக்கிய பேட்டரி

30 அக்டோபர் 1961, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஷெட்டில் ஆறு பஸ்ஸில் நாலு கிளம்பவில்லை. தள்ளித் தள்ளி எல்லாருக்கும் இடுப்பு விட்டுப்போயிற்று. தீபாவளிக் கூட்டம் வேறு.

பேட்டரி ரூமில் நான் ஒருத்தன்தான். பழி வேறு யார் மேல் விழும்? போர்மேன் கத்தினார்: "கிரீஸ் பூசுனா கரண்ட் எப்படிப்பா பாயும், மாராயா?" என் தப்பு என்று வியாழனுக்குள் எழுதிக் கொடுக்கணுமாம். இல்லையென்றால் பஸ் கழுவும் வேலை.

பேட்டரிக் கிளாம்பைத் துடைத்து, நட்டை முறுக்கி, அப்புறம்தான் மேலே பூசுகிறேன், பச்சைக் களிம்பு பூக்காமல் இருக்க. மூன்று வருஷமாகச் சொல்லி வாய் வலிக்கிறது.

எழுதிக் கொடுக்க மாட்டேன்.

31, செவ்வாய்

மழை. சட்டையில் புதிதாக ஒரு ஆசிட் ஓட்டை.

கிளம்பாத நாலையும் திறந்து பார்த்தேன். பித்தளைக் கிளாம்பு முழுக்கப் பச்சை. அதற்கடியில் சந்தனம், குங்குமம். கிரீஸ் துளிகூட இல்லை.

ஞாபகம் வந்தது. ஆயுத பூஜைக்குப் பளபளக்கட்டும் என்று எல்லாரும் கிரீஸை வழித்துப்போட்டு, புளி போட்டுத் துலக்கி, பொட்டு வைத்தோம். எல்லாரும் என்றால் நானும்தான். நெ. 7 பஸ்ஸுக்குப் பொட்டு வைத்தது என் கை. ஊருக்கெல்லாம் சொன்னவன்! வெட்கமாக இருக்கிறது.

கிளம்பிய ரெண்டும் பூஜையன்று ஷெட்டுக்கு வராமல் வெளியூரில், அத்திபெலேயில் நின்றவை. மாலை மட்டும் போட்டார்களாம். கிரீஸ் அப்படியே இருக்கிறது.

1 நவம்பர், புதன்

வாங்க: நல்லெண்ணெய், சீயக்காய், சின்னவளுக்கு ரிப்பன்.

போர்மேனை அழைத்துப்போய் ஆறையும் காட்டினேன்.

"பூஜை பண்ணதைக் குத்தம் சொல்றியா?"

"சாமியச் சொல்லல சார். புளியச் சொல்றேன்."

நெ. 7 டிரைவர் பஷீர் பாய் சிரித்துவிட்டார். போர்மேனுக்கு இன்னும் கோபம்.

வீட்டுக்காரி கன்னியம்மா: "எழுதிக் குடுத்துத் தொலையேன்யா. பண்டிகை நேரத்துல எதுக்கு வீம்பு?"

வீம்புதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

2, வியாழன்

எழுதிக் கொடுத்தேன். 'கிரீஸ் பூசியது தப்பில்லை. பூஜைக்கு அதை வழித்ததுதான் தப்பு. வழித்தவர்களில் நானும் ஒருவன்.' கீழே கையெழுத்து.

படித்தார். நாளையிலிருந்து கழுவப் போ என்றார். நாளையிலிருந்துதானே! சாயங்காலம் வரை ரூம் என்னுடையது. நாலையும் வெந்நீர் விட்டுக் கழுவி, தேய்த்து, முறுக்கி, கிரீஸ் பூசினேன்.

"யாரைக் கேட்டுப்பா பூசறே?"

"யாரையும் கேக்கல சார்."

3, வெள்ளி

கொட்டுகிற மழை. துடைப்பத்தோடு நின்று பார்த்தேன். ஆறும் பட்டனை அழுத்தியதும் கிளம்பின. பஷீர் பாய் போர்மேன் அறை வாசலில் ஆரன் அடித்துவிட்டுப் போனார். போர்மேன் வெளியே வரவில்லை. என்னைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

கூப்பிடாவிட்டால் என்ன. கழுவுகிற வாளிக்குள்ளேயே கிரீஸ் டப்பாவையும் வைத்திருக்கிறேன்.