வாலில்லாத ‘ர’

அக்கா,

இன்று காலை ஆதார் அட்டையைத் தேடிப் பழைய கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்தேன். அட்டை இல்லை. ஒரு ஜோடி இயர் பிளக் இருந்தது. ஆரஞ்சு நிறம், இரண்டையும் சேர்க்கும் நீலக் கயிறு, பிரஸ் ஷாப்பின் அதே கூலன்ட் எண்ணெய் வாசனை. மெஷின் சத்தத்தில் காது போய்விடக் கூடாதென்று கம்பெனி கொடுப்பதுதான். அதை மூக்கருகே வைத்து நான் கண்ணை மூடி நின்றிருந்ததை என் மகள் பார்த்துவிட்டாள்.

"என்னத்தம்மா மோந்து பாக்குற?"

"கச்சேரிய."

மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கு எப்படிப் புரியும்? கச்சேரிக்குப் போகிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு போவார்கள். காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்த ரசிகைகள் ஓசூர் வட்டாரத்திலேயே நாம் இருவர்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது ஞாபகம் இருக்கிறதா? தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். நாக்கில் தெற்கத்திச் சாரல் காயவில்லை. நீங்கள் கர்நாடக எல்லையோரத்து ஜூஜுவாடிக்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ், சூப்பர்வைசரைத் திட்டும்போது மட்டும் மூன்றும் சேர்ந்து வரும். ஒருநாள் டீ நேரத்தில் பக்கத்து மெஷின்காரியிடம் நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. "நேத்து ராத்திரி அவரு என்னைத் தூங்கவே விடலடி. என்னா குரலு!"

எங்கள் ஊரில் ‘அவரு’ என்றால் புருஷன். கொடுத்துவைத்த மகராசி என்று பெருமூச்சு விட்டேன். மறுநாள் கேட்டில் உங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நல்ல மனிதர். ஆனால் குரல், ஜலதோஷம் பிடித்த டிரான்ஸ்பார்மர் மாதிரி. அப்படியானால் அந்த ‘அவரு’ யார்? இப்படி ஒரு கேள்வி வந்த பிறகு அதை வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிற ஜென்மமா நான்? கேண்டீனுக்குப் போவதற்குள் ஷிப்ட் முழுக்கத் தெரிந்துவிட்டது.

நீங்களே தேடிக்கொண்டு வந்தீர்கள்.

"ஏ தெக்கத்தி வாலு, எனக்கு ஆளு இருக்குதுன்னு சொன்னியாமே?"

"இல்லக்கா... குரல் நல்லாருக்கும்னு சொன்னீகளா..."

"ஆமாண்டி, இருக்குது. கேளு." ஃபோனை என் காதில் வைத்தீர்கள். ஒரு பாடகர். நாடே கேட்ட குரல். ஆனால் நீங்கள் வைத்துக் கேட்டபோதுதான் நானும் ஒழுங்காகக் கேட்டேன். அன்றிலிருந்து எனக்கும் அவர் ‘அவரு’ ஆனார். எனக்கும் ‘வாலு’ என்ற பெயர் நிலைத்தது.

உங்களுக்கு இருந்தது ஒரே ஆசை. நகை கேட்டதில்லை, திருப்பதியைக்கூட அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்பீர்கள். அவரு பாடுவதை ஒருதரம் நேரில் பார்க்க வேண்டும்.

"டிவியிலதான் தினம் வாராரே" என்றேன்.

"டிவில மூச்சு தெரியாதுடி. அன்னைக்கு உனக்குப் போட்டேனே, அந்தப் பாட்டுல ரெண்டாவது அடி எம்மாம் நீளம்! எங்க மூச்சு எடுக்கறாருன்னே தெரியல. நானும் பாத்திரம் கழுவறப்பல்லாம் பாடிப் பாக்கறேன், பாதியில நுரை தள்ளுது. நேர்ல பாத்துட்டா நிம்மதியா செத்துருவேன்."

இந்த ஆசைதான் நம்மைக் கர்நாடகப் பக்கத்துச் சந்தாபுரத்துக்குக் கொண்டுபோனது. அத்திப்பள்ளியைத் தாண்டி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இருவரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு சுவரைப் பார்த்து நீங்கள் ஜன்னல் கம்பியோடு எழுந்து நின்றீர்கள். அவரு படம் போட்ட போஸ்டர், கன்னடத்தில்.

"வாலு! அவரு வாராருடி! வர்ற ஞாயித்துக்கெழம சஞ்சே, சாயங்காலம்! இங்கியே, கல்யாண மண்டபத்துல! எல்லாருக்கும் ஃப்ரீயாம்!"

"அவரா? ஃப்ரீயாவா? கல்யாண மண்டபத்துலயா?"

"பெரிய மனசுடி அவருக்கு."

எனக்குக் கன்னடம் ஜிலேபி மாதிரி. பார்க்க மட்டும்தான் தெரியும். உங்களுக்கோ படிக்கத் தெரியும் என்பதில் அவ்வளவு பெருமை. பிறகு சந்தேகப்பட நான் யார்?

வீட்டில் என் மாமியாரிடம் கம்பெனியில் ஆடிட் என்றேன். "ஞாயித்துக்கிழமையா?" என்றார். "ஜப்பான்காரன் ஆடிட், அத்தை. அவனுக்கு ஞாயித்துக்கிழமையே கிடையாது." பொய் சொன்னால் அதற்குத் தகுந்த உடுப்பும் போட வேண்டுமே. நீங்கள் மாம்பழ நிறப் பட்டில், தலை கொள்ளாத பூவோடு வந்தீர்கள். உங்கள் பக்கத்தில் நான் நீல யூனிஃபார்மில், பையில் இயர் பிளக்கோடு. மண்டபத்து வாசலில் ஒருவர் என்னிடம் வந்து கன்னடத்தில் ஏதோ சொல்லி மேலே கையைக் காட்டினார். "என்னவாம்க்கா?" என்றேன். "ஃபேன் ஓடலையாம். எப்ப சரிபண்ணுவேன்னு கேக்கறாரு" என்றீர்கள்.

முன்வரிசை கிடைத்தது. ஏன் கிடைத்தது என்பது ஸ்பீக்கர் முழங்கிய பிறகுதான் தெரிந்தது. பிரஸ் ஷாப்பே தேவலாம். ஆளுக்கொரு ஜோடி இயர் பிளக்கைச் செருகிக்கொண்டோம். மேடையில் அவரு படம், ரோஜா மாலையோடு, கீழே குத்துவிளக்கோடு. எனக்குத் திக்கென்றது.

"அக்கா, மாலை போட்டிருக்காகளே... இருக்காருல்ல?"

"சும்னே இரு. இந்தப் பக்கம் உசுரோட இருக்கறவங்களுக்கும் போடுவாங்க."

அறிவிப்பாளர் பேச ஆரம்பித்தார். உங்கள் முகத்தில் என்னமோ அணைந்தது. நான் அதை ஸ்பீக்கர் கொடுமை என்று எடுத்துக்கொண்டேன். சஃபாரி போட்ட ஒரு பெரிய தொந்திக்காரர் வந்து பாட ஆரம்பித்தார். ஏதோ ஆபீசில் வேலை பார்ப்பவராம்.

"யாருக்கா இவரு?"

"முன்னாடி பாடறவரு. பெரியவங்க கடைசிலதான் வருவாங்க."

அடுத்த பாட்டுக்கும் இவரே. அதற்கடுத்ததற்கும் இவரே. இவரு மூச்சு எங்கே எடுக்கிறார் என்பதில் எந்த ரகசியமும் இல்லை. கிருஷ்ணகிரி மேட்டில் ஏறுகிற லோடு லாரி மாதிரி வார்த்தைக்கு வார்த்தை எடுத்தார். ஆனால் ஆசையாகப் பாடினார். அதை மட்டும் குறை சொல்ல முடியாது. கடைசியாக ஒரு தமிழ்ப் பாட்டு. உங்கள் பாட்டு. முதல் அடி தாண்டியது. இரண்டாவது அடியில் மனிதர் வரிகளை மறந்து நின்றார். தபலாக்காரர் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறார். இவரு நெற்றியைத் துடைக்கிறார்.

நீங்கள் இயர் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்தீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த வரியைக் கத்தினீர்கள். இவரு சந்தோஷத்தில் ஓடிவந்து மைக்கை உங்கள் வாயருகே நீட்டினார். அப்போது அது கேட்டது. பாட்டு அல்ல, பாட்டுக்கு முன்னால் நீங்கள் இழுத்த மூச்சு. மண்டபம் முழுவதும், எல்லா ஸ்பீக்கரிலும், ‘ஹா’ என்று. அடைத்த காதுக்குள்ளும் அது வந்தது. பிறகு வந்த குரலைப் பற்றி உண்மையைத்தான் எழுத வேண்டும், அக்கா. மெஷினுக்கு மேல் கத்திப் பழகிய குரல். மைக் வீல் என்று அலறியது, முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. ஆனால் அவ்வளவு நீளமான இரண்டாவது அடியை, நடுவில் எங்கும் நிற்காமல், ஒரே மூச்சில் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. ஃபேன் சரிபண்ணச் சொன்னவர் விசில் அடித்தார்.

பிறகு நன்றியுரை சொன்னார்கள். தொன்னையில் கேசரி பாத் வந்தது. நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எல்லாரும் கெளம்புறாகளே. அவரு எப்பக்கா வருவாரு?"

வாசல் போஸ்டருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். கேசரி ஒட்டிய விரலை ஓர் எழுத்தின் மேல் வைத்தீர்கள்.

"இங்க பாரு. இது ‘ரு’ன்னா, பக்கத்துல ஒரு வாலு இருக்கணும். இருக்குதா?"

"இல்ல."

"அதாண்டி. ‘அவரு’ இல்ல, ‘அவர’. அவர ஹாடுகளு. அவரோட பாட்டுங்கள யாரோ பாடறாங்கன்னு அர்த்தம்."

"படிக்கத் தெரியும்னீகளே!"

"பஸ் போர்டு படிப்பேண்டி! ஆனேக்கல்லு, அத்திப்பள்ளி... அதுல ஏது அவரும் அவரவும்? அதுவும் ஓடற பஸ்ஸுல!" உங்கள் குரல் இறங்கியது. "உள்ள வந்து, அந்தாளு பேச ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சு போச்சு. உன்னைத் திரும்பிப் பாத்தேன். ஆடிட்டுக்கு வந்தவளாட்டம் யூனிஃபார்ம்ல உக்காந்து, கண்ணு கொட்டாம அவரத் தேடிட்டு இருக்கே. எப்படிடி சொல்றது?"

உங்கள் கண் நிறைந்திருந்தது. எத்தனையோ வருஷத்து ஆசை, ஒரு வால் இல்லாததால் போயிருந்தது. "வாலு இங்க நிக்குதேக்கா" என்று என் நெஞ்சில் தட்டிக் காட்டினேன். அவ்வளவுதான். ஜூஜுவாடி வரும்வரை நாம் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மறந்தார்.

வீட்டில் மாமியார் கேட்டார். "ஆடிட் என்னாச்சு?"

"பாஸ், அத்தை."

"ஜப்பான்காரன் கேசரியும் குடுத்தானாக்கும்? சட்டையைப் பாரு."

பிற்பாடு உங்கள் ஆசை நிறைவேறவும் செய்தது. அவரே, வாலோடு, பெங்களூர் மைதானத்துக்கு வந்தார். இந்த முறை போஸ்டரை என் மகளைப் படிக்கச் சொன்னோம். நமக்கும் மேடைக்கும் நடுவில் ஓர் ஊரே நின்றது. அவரு கடுகளவு தெரிந்தார். பெரிய திரையில் பார்த்தால் அது டிவிதானே? அன்றைக்கு அவருக்குத் தொண்டை வேறு சரியில்லை. உடன் வந்தவர்களே பாடினார்கள். உங்கள் பாட்டு வந்தபோது அவரு சிரித்துக்கொண்டே மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டார். நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.  இந்த அக்காவுக்கு இப்படியா ஆக வேண்டும்?

பஸ்ஸில் நீங்கள்தான் முதலில் பேசினீர்கள். "அன்னைக்கு அவர பாட்டு வந்துச்சு, அவரு வரல. இன்னைக்கு அவரு வந்தாரு, அவர பாட்டு வரல."

"வருத்தமாக்கா?"

"என்னா வருத்தம்? பாவம், இருமிட்டே நின்னாருடி. அவருக்கும் மூச்சு வாங்குது, நம்மளாட்டமே. தெரிஞ்சிருந்தா மொளகுக் கஷாயம் கொண்டாந்திருப்பேன்." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னீர்கள். "ஆனா அந்தத் தொந்திக்காரரு நல்ல மனுசன். எனக்கு மைக்கு குடுத்தாரு பாரு."

இந்த வருஷம் நீங்கள் போன செய்தியைக் கம்பெனியில் யாரோ சொன்னார்கள். மாரடைப்பு என்றார்கள். நான் நம்பவில்லை. உங்களைப் பற்றி முதல் வதந்தியைக் கிளப்பியவளே நான்தானே, இதையும் யாரோ கிளப்பியிருப்பார்கள் என்று உங்கள் நம்பருக்கே அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. காரியத்தன்று உங்கள் வீட்டுக்காரர், அதே டிரான்ஸ்பார்மர் குரலில், மெதுவாகச் சொன்னார். "நீ அடிச்சப்ப ஃபோனு அவ தலமாட்டுல இருந்துச்சும்மா. ரிங்டோன்ல அந்தப் பாட்டு. யாருக்கும் எடுக்க மனசு வரல. முழுசா பாடி முடியட்டும்னு விட்டுட்டோம்."

அக்கா, உங்களிடம் நான் கற்றுக்கொண்ட கன்னடம் ஓர் எழுத்து. அது போதும் போலிருக்கிறது. உங்கள் பாட்டு டீக்கடையிலோ ஷேர் ஆட்டோவிலோ ஓடும்போது, இரண்டாவது அடிக்கு முன்னால் என்னை அறியாமல் என் நெஞ்சு ‘ஹா’ என்று இழுக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பாட மாட்டேன், பயப்படாதீர்கள். ஊருக்கு அந்த நன்மையைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன். அந்த மூச்சோடு சரி. கன்னடத்தில் அக்காவையும் ‘அவரு’ என்றுதான் சொல்வார்களாம்.

அவரு இல்லை. அவர மூச்சு, இந்த வாலிடம் பத்திரமாக இருக்கிறது.