டாக்டரிடம் சொல்லாதது

ஜனவரி 6, திங்கள்
பனி. கடை திறக்கவில்லை. காய்ச்சல் 102. முதுகில் வலது பக்கம், விலாவுக்குக் கீழே குத்தல். விமலா பிடிவாதமாக ஆண்டர்சன்பேட்டை கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். டாக்டர் ஷோபா. சின்ன வயதில் ஸ்கூல் யூனிஃபார்ம் எங்கள் துணிக்கடையில் வாங்கிய பெண்.
"கிட்னில இன்ஃபெக்‌ஷன் மாதிரி இருக்கு அங்கிள். யூரின்ல ரத்தம் எதுனா போச்சா?"
இல்லை என்றேன்.
போனது. நவம்பரில் இரண்டு முறை. வலி இல்லை, தானாக நின்றுவிட்டது. அந்தப் பெண்ணிடம் போய் எப்படிச் சொல்வது? கட்டின மனைவி விமலாவுக்கே தெரியாது.

ஜனவரி 14, செவ்வாய்
பொங்கல். மாத்திரை முடிந்தது. காய்ச்சல் இல்லை. விமலாவுக்கு நிம்மதி. எனக்கும், கொஞ்சம்.

ஜனவரி 20, திங்கள்
மறுபடி காய்ச்சல், நடுக்கம். காலையில் மறுபடி ரத்தம். மறுபடி கிளினிக். ஆறாம் தேதி டெஸ்டுக்குக் கொடுத்த சிறுநீரில் கிருமியே வளரவில்லையாம்.
"எனக்கு இது சரியா படல அங்கிள்."
விமலாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட், அதையும். ஷோபா திட்டவில்லை. சி.டி. ஸ்கேனுக்கு எழுதினாள்.

ஜனவரி 24, வெள்ளி
ஸ்கேன் ரிப்போர்ட். வலது சிறுநீரகத்திலிருந்து குழாய் இறங்கும் இடத்தில் தடிப்பு. இன்ஃபெக்‌ஷன் வீக்கமாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். "சதை எடுத்துப் பாத்தாதான் தெரியும். பெங்களூரு போங்க."

பிப்ரவரி 5, புதன்
பெங்களூரு. ரிசல்ட் வந்தது. கேன்சர். பரவியதாகத் தெரியவில்லை. சிறுநீரகம், குழாய் இரண்டையும் எடுக்க வேண்டும். பெரிய டாக்டர் ஷோபாவின் கடிதத்தைப் பார்த்து, "நவம்பர்லயே ரத்தம் போயிருக்கு, இல்லியா?" என்றார். விமலா திரும்பி என்னைப் பார்த்தாள்.
ரயிலில் திரும்பினோம். பங்காருபேட்டையில் வண்டி மாறும்போது விமலா கேட்டாள்: "முப்பது வருஷமா உங்க துணிய நான்தான் துவைக்கிறேன். என்கிட்ட இன்னாங்க வெக்கம்?"
பிளாட்பாரத்திலேயே அழுதுவிட்டேன். என் தோளில் இருந்த பையை அவள் வாங்கிக்கொண்டாள்.

பிப்ரவரி 22, சனி
வீடு. ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள். கட்டி முழுசாக வந்துவிட்டது. சிறுநீர்ப்பையிலும் வரலாமாம், மூன்று மாதம் கழித்து உள்ளே குழாய் விட்டுப் பார்ப்பார்கள்.
ஷோபா பார்க்க வந்தாள். "மொத தடவையே ஸ்கேன் எடுத்திருக்கணும் அங்கிள் நானு."
"நீ கேட்டியேம்மா. பொய் சொன்னது நான்."
கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி குடித்தாள். சிறுநீரின் நிறம் மாறினால் உடனே போன் செய்யச் சொல்லிவிட்டுப் போனாள்.
சாயங்காலம், கழிவறைக் கதவுக்கு வெளியே விமலா. "இன்னா கலருங்க?"
பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று கத்தினேன்.
"மஞ்சா!"