முள் ஆடுகிறது

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பக்கவாதத்தில் விழுந்த மாமாவுக்கு வலது பக்கம் கொஞ்சமாவது அசைவு வந்ததா? இங்கே என் மனைவி நலம். என் கை நடுக்கம் இனிக் குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மரத்தில் பூ செதுக்கிய உளியை இனிப் பிடிக்க வழியில்லை. அதனால் கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் சிஎன்சி மெஷின் ஒன்றைக் கூடத்திலேயே கட்டிக்கொண்டிருக்கிறேன். வெட்டும் தலை ஓட இரண்டு ரெயில் வேண்டுமே, அதையும் இரும்புப் பட்டையைத் தேய்த்து நானே செய்தேன். பாதி தூரம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, அப்புறம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. தொழிற்சாலையில் இதே வேலை பார்த்தவள் நீ. என்ன செய்ய?

உன் தம்பி

மார்ச் 11

என் ஒல்லிப்பிச்சானுக்கு,

உன் எழுத்து கோழி கிளறினாற்போல இருக்கிறதென்று கேலி செய்ய ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

ரெயில் இரண்டும் இணையாக இல்லை, அதுதான் கோளாறு. ஒன்றை முதலில் இறுக்கிவிடு. அதன்மேல் ஓடும் வண்டியில், மயிரிழை விலகலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை மாட்டி, முனை மற்ற ரெயிலைத் தொடும்படி வை. வண்டியை மெல்லத் தள்ளு. முள் எங்கே நகர்கிறதோ அங்கே ரெயில் விலகியிருக்கிறது. தட்டிச் சரிசெய்து போல்ட்டை முறுக்கு.

நான் வந்தால் ஒரு காலையில் முடிந்துவிடும். உன் மாமாவைப் புரட்டிப் படுக்கவைக்க என்னை விட்டால் வேறு ஆளில்லையேடா.

அக்கா

மார்ச் 20

அக்கா,

முள் எல்லா இடத்திலும் ஆடுகிறது. ஆடுவது ரெயிலா, தள்ளுகிற என் கையா, தெரியவில்லை. வண்டியைக் கயிறு கட்டி இழுத்தேன், முள் அடங்கியது. ஆனால் ஸ்பானரைத் தொட்டாலே ரெயில் நகர்ந்துவிடுகிறது.

இவள் வந்து, "நான் முறுக்கறேன், நீங்க முள்ளைப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். "உனக்கென்ன தெரியும், போ" என்று கத்திவிட்டேன். போய்விட்டாள். அடுத்த முறுக்கில் ஸ்பானர் வழுக்கி, பளபளவென்று தேய்த்து வைத்திருந்த ரெயிலில் கீறல் விழுந்தது. அதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தம்பி

மார்ச் 27

டேய்,

கீறலைச் சாணைக்கல்லால் தேய்த்தால் போய்விடும். ஸ்பானரை அவளிடம் கொடு. முதல் நாள் எனக்கும் ஒன்றும் தெரியாது.

இங்கே சோறு ஊட்டப் போனால் மாமா வாயை இறுக்க மூடிக்கொள்கிறார். கோபம் என்மேல் இல்லை என்று தெரியும். தெரிந்தாலும் வலிக்கிறதடா. போய் அவளைக் கூப்பிடு.

அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள்.

ரெயில் சரியாகிவிட்டது. முறுக்கியதெல்லாம் இவள்தான். கடைசியில் முள் அசையவே இல்லை. ஒரு பலகையை வைத்து நேர்கோடு வெட்டிப் பார்த்தோம், அப்படியொரு கோடு! இவள் கைதட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"இப்ப ஒரு பூ போடுங்க" என்றாள்.

மெஷினுக்குப் படம் வரைந்து கொடுக்க வேண்டும், அக்கா. பென்சில் நிற்கவில்லை. மவுஸைப் பிடித்தாலும் கோடு எங்கேயோ ஓடுகிறது. பூ என் தலைக்குள்ளே இதழ் இதழாக இருக்கிறது. வெளியே எடுக்க வழி தெரியவில்லை. "நீங்க சொல்லுங்க, நான் வரையறேன்" என்று இவள் நாலைந்து தாள் வரைந்தாள். நன்றாகத்தான் வரைகிறாள். ஒன்றுகூட என் பூ இல்லை. அதை இவளிடம் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன். எழுதுகிறவள் அழுகிறாள். போதும் என்றால், "நீங்க சொல்லுங்க" என்கிறாள்.

மாமாவை விட்டுவிட்டு உன்னால் வர முடியாது. தெரிந்துதான் கேட்கிறேன். ஒரு தடவை வந்துட்டுப் போயேன், அக்கா.

தம்பி