ஆறாம் மாடியும் ஏழாம் மாடியும்

அன்பு வாலுக்கு அம்மா எழுதறது. நானும் அப்பாவும் சௌக்கியம், லிஃப்டும் இப்ப சௌக்கியம், உன் சளி விட்டுச்சான்னு எழுது.

இங்க நடந்த கூத்தைக் கேளு. அப்பா கால்ல மாவுக்கட்டோட நாலாவது மாடியில உட்கார்ந்து என் உயிரை வாங்கிட்டு இருந்தாரே, கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரியில நாள் குறிச்சுக் குடுத்த சமயம் பார்த்து லிஃப்டுக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சு, கீழேன்னு அமுக்கினா மேலே போகுது, நம்ம மாடியில நிக்கவே மாட்டேங்குது. கட்டடச் செயலாளர் பதவியை என் தலையில கட்டியிருக்காங்களே, லிஃப்ட் கம்பெனிக்கு நான்தான் இங்கிலீஷ்ல எழுதணும். எல்லாம் தாறுமாறா கிடக்குங்கிறதைக் கெத்தா எப்படிடி எழுதறதுன்னு போன்ல உன்னைக் கேட்டா, நீ பஸ் சத்தத்துல "அட் சிக்ஸஸ் அண்ட் செவன்ஸ்"னு கத்தினே, எனக்குப் பாதிதான் காதுல விழுந்துச்சு. நானும் "லிஃப்ட் இஸ் வெரி பேட் இன் சிக்ஸ் அண்ட் செவன்"னு எழுதி, பெருசா கையெழுத்தும் போட்டு அனுப்பிட்டேன். மெக்கானிக் வந்தார், நேரா ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் போய், நல்லா இருந்த கதவு ரெண்டையும் கழட்டிப் போட்டுட்டு, ஸ்பேர் வரணும்னு சொல்லி லிஃப்டையே பூட்டிட்டுப் போயிட்டார். ஏழாம் மாடி பல் டாக்டர் நம்ம வாசல்ல வந்து நின்னு, எங்க மாடி மேல உங்களுக்கு என்னம்மா கோபம்னு கத்தறார். அப்புறம்தானே நீ திருத்தினே, முன்னாடி அட் வேணும், ரெண்டுக்கும் பின்னாடி ஸ் வேணும்னு. அந்த ஸ்ஸை முழுங்கினதுல ரெண்டு கதவு போச்சு!

அப்பா கட்டுக்காலை ஸ்டூல் மேல நீட்டிக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். சிரிப்பு அடங்கினதும், இன்னும் எத்தனை நாள்டி இந்த ஜன்னலையே பார்த்துட்டு உட்கார்றதுன்னு மெதுவா கேட்டார். கெத்தை மூட்டை கட்டி வச்சுட்டு, "லிஃப்ட் இஸ் மேட். ஹஸ்பெண்ட் ஆன் ஃபோர்த் ஃப்ளோர். கம் டுடே"ன்னு எழுதினேன். அன்னிக்கே ஸ்பேரோட ஓடி வந்து சரி பண்ணிட்டாங்க.

கட்டுப் பிரிச்சாச்சு, எலும்பு நல்லா கூடியிருக்காம். ஆஸ்பத்திரி வாசல்ல அப்பா காலை ஊன்றப் பயந்து, சுத்திமுத்திப் பார்த்துட்டு, என் தோளைப் பிடிச்சுக்கிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல தெருவுல என்னைத் தொட்டு நடந்தது இதான் முதல் தடவை. நான் வேணும்னே மெதுவா நடந்தேன்.

நோய்நொடி இல்லாம, நெனச்சதெல்லாம் நடந்து நல்லா இரு கண்ணு. வேளைக்குச் சாப்பிடு. தோள் விஷயத்தைப் போன்ல அவர்கிட்ட உளறிடாதே, அப்புறம் கையை எடுத்துடுவார்.

இப்படிக்கு
உன் அம்மா
(கட்டடச் செயலாளர், இன்னும் யாரும் நீக்கலை)