பொம்மைச் சட்டை ஆன உள்சட்டை

வீட்டுக்காரருக்கு,

மெஷினைத் திறந்தேன். பெரியவனுக்கு நான் தேடித்தேடி வாங்கிய மெரினோ கம்பளியும் பட்டும் கலந்த உள்சட்டை, பொம்மைச் சட்டையாகக் கிடந்தது. சுடுதண்ணீரில் போட்டது நீங்கள்தான். வேறு யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்? பச்சைத் தண்ணீரில் கையால் அலசச் சொன்னால், "துணிதானேடி, கண்ணாடியா என்ன?" என்று கேட்டவர் நீங்கள்.

நாளைச் சாயங்காலம் பள்ளிக்கூடத்துப் பஸ் பனிமலைக்குக் கிளம்புகிறது. கடை திறந்ததும் போய் அதே கலவையில் வாங்கி வாருங்கள். முழுக் கம்பளி வேண்டாம், கழுத்தைச் சொறிந்தே புண்ணாக்கிக்கொள்வான். பருத்தி வேண்டவே வேண்டாம். போன தடவை வியர்வையில் நனைந்து, பல் தந்தியடிக்க நின்றான் பிள்ளை. "வளர்ற பையன்" என்று தொளதொளவென எடுக்காதீர்கள். உடம்போடு ஒட்டினால்தான் சூடு நிற்கும்.

அந்தப் பஸ்ஸை ஓட்டுவது நான் என்பது நினைவிருக்கட்டும். சட்டை வராமல் வண்டி நகராது. "ஏன் அங்கிள் லேட்டு?" என்று மொத்தப் பிள்ளைகளும் உங்களைத்தான் கேட்கும்.

சாப்பாடு அடுப்பின் மேல். கார் சாவி டிராயரில். போனில் சமாதானம் பேச வேண்டாம்.

பி.கு: பொம்மைச் சட்டையைச் சின்னவளுக்குப் போட்டேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. "அப்பா எனக்காகத்தான் சின்னதாக்குனாரு" என்று சொல்லிவிட்டு, அதோடேயே தூங்கிவிட்டாள். நான் உண்மையைச் சொல்லவில்லை. அதற்காகக் கோபம் போய்விட்டதென்று நினைக்காதீர்கள்.