தங்கையின் பட்டியலில் நீ வைத்த கை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்புக்கு எல்லோரும் நலம், மனசுக்குத்தான் யாரும் நலமில்லை. நீ அங்கே நன்றாக இருக்க வேண்டும் என்று இந்தக் கோபத்தோடேயே வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், நீயும் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். கடைசி வரி வரை படி.

உன் தங்கைக்குக் கணக்கும் வேண்டும், செடிகொடியும் வேண்டும், கல்வெட்டுகளில் பழைய எழுத்துகளைக் கண்டாலும் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள், உனக்குத் தெரியாததா? மருத்துவமனையில் எனக்கு வார்டு டியூட்டி இல்லாத நாளெல்லாம் பஸ் பிடித்துப் போய் இரண்டு பேரும் ஐந்து கல்லூரிகளைப் பார்த்துவிட்டு வந்தோம். ஓர் இடத்தில் மைக்ரோஸ்கோப்பெல்லாம் உறை போட்டுத் தூசி படிந்து கிடந்தது, இவள் விரலால் தடவிக் காட்டினாள், அப்படியே திரும்பிவிட்டோம். ஐந்தாவதில்தான் தாவரவியல் ஆசிரியை ஒருவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். இவள் தயங்கித் தயங்கி, "எனக்கு மூணுமே பிடிக்குது மேடம், தப்பா?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "முதல் வருஷம் மூணையும் படி, எதை விட முடியலைன்னு உனக்கே தெரிஞ்சிடும், ரெண்டாவது வருஷம் அதை எடுத்துக்கோ" என்றார். வீடு வரும் வரை பஸ்ஸில் இவள் வாய் மூடவில்லை. அந்தக் கல்லூரியை முதலில் போட்டு மற்ற நாலில் மூன்றையும் சேர்த்து, சேர்க்கைக்கான பட்டியலைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தோம். ஏதோ சந்தேகம் கேட்கப் போய் உன்னிடம் கடவுச்சொல்லைக் கொடுத்தாள் பார், அங்கேதான் வினை வந்தது.

கடைசி நாளுக்கு முந்தின நாள் திறந்தால் அத்தனையும் காணோம். நீ படித்த கல்லூரி, நீ படித்த கம்ப்யூட்டர் படிப்பு, அது மட்டும் ஒற்றையாக நிற்கிறது, மாற்ற முடியாதபடி பூட்டும் போட்டிருக்கிறாய். கேட்டால், "எல்லாத்துலயும் வாய் வைக்கிறவ எதுலயும் உருப்பட மாட்டா, பின்னாடி எனக்கு நன்றி சொல்லுவா" என்கிறாய். அடேய், யாரைக் கேட்டுச் செய்தாய்? அவள் சண்டை போட்டிருந்தால்கூட என் வயிறு இப்படி எரிந்திருக்காது. "அண்ணன் செஞ்சா சரியாத்தான் இருக்கும், விடும்மா" என்று சொல்லிவிட்டு, நோட்டில் ஒட்டி வைத்திருந்த இலைகளை ஒவ்வொன்றாக உரித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு சேர்க்கை அலுவலகத்துக்குப் போனேன். பூட்டினது பூட்டினதுதான் என்றார் குமாஸ்தா. நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை. மத்தியானத்துக்கு மேல் அவருக்கே அலுத்துப்போய், "சரி, பொண்ணு தன் கையால எழுதித் தரட்டும்" என்றார். இவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளாகவே பழைய பட்டியலை எழுதினாள். நேற்று பதில் வந்தது, முதலில் போட்ட கல்லூரியிலேயே இடம். புதுக் கடவுச்சொல் எனக்கும் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். நீ பூட்டுப் போட்டது தெரிந்த அன்று உன் அப்பா, "நாம பெரியவனுக்குச் செஞ்சதைத்தானே அவன் இவளுக்குச் செஞ்சிருக்கான்" என்றார். ஓவியக் கல்லூரியில் உனக்கு இடம் கிடைக்கவில்லை என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். கிடைத்தது. அந்தக் கடிதத்தை நாங்கள்தான் உன் கண்ணில் படாமல் எடுத்து வைத்தோம், உன் நல்லதுக்கு என்று. அதை இதோடு வைத்திருக்கிறேன். எங்கள் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, வாயே திறக்க மாட்டேன். ஆனால் முதலில் உன் தங்கையைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள், புத்தி சொல்லாமல் கேள்.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும். கண் வலிக்கிறது என்றாயே, கண்ணாடியை மாற்று.

உன் மேலும் தன் மேலும் கோபமாக இருக்கும்
அம்மா